துரைக்கு வைத்த தீபாவளி எண்ணெய்

மருமகளின் பூனையை முதல்முதலாகப் பார்த்தபோது, பாவம், இதன் முகத்தை யாரோ கதவில் வைத்து நசுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி. இரண்டு கண்ணிலும் தண்ணீர். தரையைக் கூட்டிக்கொண்டு போகும் நீளத்துக்கு வெள்ளை முடி.

"ஐயய்யோ, இதுக்கு என்னா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை மாமி. பெர்ஷியன் பூனையள் இப்பிடித்தான்," என்றாள்.

மருமகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள் பேசுவது எனக்கு முக்கால்வாசி விளங்கும். நான் பேசுவது அவளுக்கு முழுசாக விளங்கும். அதனால் அவளுக்குத்தான் கஷ்டம்.

பூனைக்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. நான் துரை என்று கூப்பிட்டேன். நான் பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில். அங்கே தோட்டத்தை நடத்தும் துரை வந்தால் நம்மைப் பார்ப்பார், ஆனால் அங்கே நாம் இல்லாத மாதிரிப் பார்ப்பார். இந்தப் பூனைக்கும் அதே பார்வை. கதிரையில் ஏறி உட்காருமே தவிர அலுமாரி மேல் பாயாது, எலியைத் துரத்தாது, சத்தம் போடாது. பசித்தால் கத்தாது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, யாராவது வெட்கப்படும் வரைக்கும் காத்திருக்கும்.

போன வருசம் தீபாவளிக்கு மருமகள் தாய் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என் பேத்திக்கு அப்போது ஏழு மாதம். பேத்தியின் முதல் தீபாவளி என்று யாழ்ப்பாணத்தில் தாத்தாவும் பாட்டியும் வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. கண்டி டவுனைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடும். ஆகவே இரண்டு கிழமைக்கு துரை என் வீட்டுக்கு, ஹந்தானை மலைப் பக்கம் ஏறுகிற ஒழுங்கைக்கு, வந்து சேர்ந்தார்.

விட்டுப்போக வந்த அன்று மகன் என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னான்.

"அம்மா, தைப்பொங்கல் முடிய அவ வேலைக்குப் போகணும். புள்ளைய டவுன்ல இருக்கிற டே கேர்ல விடுவமா, உங்ககிட்ட விடுவமான்னு யோசிக்கிறா."

"அதுல யோசிக்க என்னா இருக்கு?"

"பூனைய ஒழுங்கா பாத்துக்கங்க. நான் சொல்றது விளங்குதா?"

விளங்கியது. இன்டர்வியூ எனக்கு. கேள்வித்தாள் அந்தக் கதிரையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அந்த டே கேரை நானும் போய்ப் பார்த்திருந்தேன். சுவரில் யானையும் முயலும் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் வளர்ந்த தோட்டத்தில் அதற்குப் பெயர் புள்ளை மடுவம். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது எங்களை அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். இது பெயின்ட் அடித்த புள்ளை மடுவம், அவ்வளவுதான். என் பேத்தியை அங்கே விட எனக்கு மனசில்லை.

மருமகள் போகும்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள்.

"எல்லாம் தமிழிலதான் எழுதியிருக்கிறன் மாமி. கடைசி வரி வரைக்கும் வாசியுங்கோ."

"மூணு புள்ள வளர்த்தவ நான். ஒரு பூனைக்கு பேப்பர் வேணுமா?" என்றேன்.

இங்கே இரண்டு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்று, நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். தாளில் பதினொரு வரி இருந்தது. நான் நாலாவதோடு நிறுத்திவிட்டேன். தினமும் இரண்டு தடவை சீவ வேண்டும், கண்ணை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும், வெளியே விடக்கூடாது, மண் தட்டை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது, மூன்று பிள்ளைகளை வளர்த்தது நான் இல்லை. பெற்றது நான். வளர்த்தது என் மாமியார். நான் காலையில் டவுனுக்கு இறங்கினால் கடையில் மிளகும் கறுவாவும் பொதி கட்டிவிட்டு, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்தான் வந்து சேருவேன். மாமியார் செத்த பிறகு அந்தப் பெயரையும் நான் எடுத்துக்கொண்டேன். கேட்க ஆளில்லைதானே.

முதல் நாலு நாளும் நான் நல்ல பங்களா வேலைக்காரி. விடியக்காலை எழும்பி துரைக்குக் கண் துடைத்தேன். அகலப் பல் சீப்பால் ஒரு தடவை, நெருக்கப் பல் சீப்பால் ஒரு தடவை சீவினேன். தாடைக்குக் கீழேயும் அக்குளிலும் முடி சிக்குப் பிடிக்கும், அங்கே மெதுவாகச் சீவ வேண்டும். தோட்டத்தை விட்டு வந்து நாற்பத்தைந்து வருசம் கழித்து, அறுபத்தாறு வயதில், மறுபடியும் ஒரு துரைக்கு வேலைக்காரியாகிவிட்டேனே என்று சிரிப்பு வந்தது. துரை சிரிக்கவில்லை. வயிற்றுப் பக்கம் சீவினால் மட்டும் கையை மெதுவாகக் கடிப்பார். கடித்துவிட்டு, யார் கடித்தது என்பதுபோல வேறு பக்கம் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் தீபாவளி. பழக்க தோசத்தில் விடியுமுன் எழும்பி, மிளகும் வெற்றிலைக் காம்பும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சினேன். என் பிள்ளைகளுக்கு வருசம் முழுக்க மாமியார்தான் தலை தோய வார்ப்பார். தீபாவளி அன்று மட்டும் எனக்கு லீவு. அன்று மட்டும் அந்த வேலை எனக்கு. மூன்று தலையையும் வரிசையாக உட்கார வைத்து, உச்சியில் மூன்று சொட்டு வைத்து, வாழ்த்தி, தேய்ப்பேன். அவர்கள் கத்துவார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தீபாவளி.

போன வருசம் எண்ணெய் காய்ந்துவிட்டது. வைப்பதற்கு ஒரு தலை இல்லை. மூத்தது கனடாவில், நடுவில் உள்ளது கட்டாரில், கடைசி யாழ்ப்பாணத்தில் மாமியார் வீட்டு எண்ணெய்க்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். துரை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

மூன்று சொட்டு மட்டும் வைப்பது என்றுதான் ஆரம்பித்தேன். நம்புங்கள். மூன்று சொட்டும் அந்த முடிக்குள் போய் எங்கே என்றே தெரியவில்லை. இன்னும் மூன்று. துரை கண்ணை மூடி, குர் குர் என்று சத்தம் கொடுத்தார். எனக்கு வேறு யாரும் அப்படிச் சத்தம் கொடுத்ததில்லை. என் புருசன்கூட. கை நிற்கவில்லை. முதுகு, வயிறு, வால், எல்லாம் தேய்த்து முடித்தபோது கிண்ணம் காலி. துரை பாதியாகச் சுருங்கிப்போயிருந்தார். அந்த முடிக்குள் இருந்தது ஒரு சின்னப் பூனை என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, கழுவ வேண்டும். சீயக்காய் கண்ணை எரிக்கும், பாவம். கடலைமாதான் மெதுவானது என்று, சுடுதண்ணீரில் கரைத்து அள்ளிப் பூசினேன். எண்ணெயும் கடலைமாவும் சுடுதண்ணீரும் சேர்ந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? ஐம்பது வருசமாக பஜ்ஜி சுடுகிறேன். ஆனால் அன்று மூளை லீவில் போயிருந்தது. ஊற்ற ஊற்ற மா இறுகியது. வெளியே மழை. வெயில் என்ற பேச்சே இல்லை. துவாயில் சுற்றிக் கொண்டுவந்து உட்காரவைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ராத்தா பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என் வயதுக்காரி. முப்பது வருசமாக நோன்புக்குக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும்.

"யா அல்லாஹ்! என்னா அக்கா இது? பூனய பொரிக்கப் போறீங்களா?"

"எண்ணெ வச்சேன் ராத்தா."

"பூனைக்கா?"

"தீபாவளிதானே."

ராத்தா கதிரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழும்பிப் போய் மகளின் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். அதன் சத்தம் கேட்டதும் துரை அலுமாரிக்குப் பின்னால் போனார். வாழ்க்கையில் முதல்முதலாக அவர் ஓடியதை நான் பார்த்தது அன்றுதான். பின்னேரம் வரை வரவில்லை.

மத்தியானம் மருமகள் போனில் முகம் பார்த்துப் பேசினாள். பேத்தி புதுச் சட்டை போட்டிருந்தாள். தலையில் எண்ணெய் மினுமினுத்தது.

"எங்கே மாமி எங்கட பெடியன்?"

"தூங்குறாரு புள்ள. வெடிச் சத்தம்ல, பயந்து போய் படுத்துட்டாரு."

அது முதல் பொய். அடுத்த நாள் துரையைக் கழுத்து வரை துவாயில் சுற்றி, முகத்தை மட்டும் போனுக்குக் காட்டினேன். "குளிருதாம்," என்றேன். மூன்றாம் நாள், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்றேன். பொய்யில் எனக்குப் படிப்பு வேண்டியதில்லை.

துரையின் முடி அதற்குள் காய்ந்து, திரித் திரியாக இறுகி, கதிர்காமத்துச் சாமியாரின் சடைபோல ஆகிவிட்டது. சீப்பு உள்ளே போகவில்லை. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. அவர் உடம்பை அவரே நக்கிச் சுத்தம் செய்யப் பார்த்தார். எண்ணெய் முழுக்க உள்ளே போனது. வயிற்றால் போனது. முடி பந்து ஒன்றைக் கக்கினார். அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போய் உட்காருவதை நிறுத்திவிட்டார்.

நான் அப்போது கந்தசஷ்டி விரதம். "துரையும் விரதம் பிடிக்கிறாரு ராத்தா," என்று முதல் நாள் பகிடி விட்டேன். இரண்டாம் நாள் கோழி அவித்து, எலும்பில்லாமல் பிய்த்து வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் அவர் என்னைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற துரைப் பார்வை இல்லை. நான் அங்கே இருக்கிறேனா என்று தேடுகிற பார்வை.

ராத்தா அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"அக்கா, மருமகளுக்கு கோல் எடுங்க."

"எடுத்தா புள்ளைய எங்கிட்ட விட மாட்டா ராத்தா."

"பூன மௌத்தானா மட்டும் விடுவாளா?"

"அலுமாரிக்குப் பின்னாடி ஓடிப்போய் விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே கேட்டது. ஏழு மாதப் பிள்ளையைத் தா என்று கேட்கிறவள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் கதை கட்டுவாளா? மூன்று பிள்ளை வளர்த்தேன் என்று சொன்ன பொய்யில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பொய்யில் ஒரு உயிர் போகும்.

போனை எடுத்தேன்.

"புள்ள, நான் துரைக்கு எண்ணெ வச்சிட்டேன்," என்று ஆரம்பித்து, கடலைமா, மெஷின், துவாய், போகாத கரண்ட் போன கதை வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் பேத்தி எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமி, அவன் கடைசியா எப்ப சாப்பிட்டவன்?"

"முந்தாநாள் காலையில."

"தண்ணி குடிக்கிறானோ?"

"கொஞ்சம்."

"இப்பவே டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ. கூடை கட்டிலுக்குக் கீழ இருக்கு. வழக்கமாக் காட்டுற இடத்தை உங்கட மகன் சொல்லுவார். மற்றதைப் பிறகு கதைப்பம்."

'மற்றது' என்றால் என்ன என்று கேட்காமல் கூடையை எடுக்கக் குனிந்தேன்.

ராத்தாவும் நானும் த்ரீவீலில் போனோம். மழை. கூடைக்குள் துரை. வாந்தி எடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. டிஸ்பென்சரியில் எங்களுக்கு முன்னால் நாலு நாய். டொக்டர் ஒரு சின்ன வயசு சிங்களப் பிள்ளை. மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, என்னைப் பார்த்தார்.

"அம்மே, பூசாடத் தீபாவலித?"

பூனைக்குமா தீபாவளி என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன்கடைச் சிங்களம். அதில் இதற்குப் பதில் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

டொக்டர் தமிழும் சிங்களமும் கலந்து சொன்னது இதுதான்: நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் சமாளிக்கும். பூனை அப்படி இல்லை. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தால் ஈரல் கெட்டுவிடும். நீ பிடிக்கிற விரதத்தை பூனை பிடிக்கக்கூடாது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊசி போட்டு, முதுகுத் தோலுக்குக் கீழே தண்ணீர் மருந்து ஏற்றி, பிறகு மெஷினால் முடியை வழித்தார். முடி தனித்தனியாக விழவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளிருந்து ரோஸ் நிறத்தில், கோழிக்கடையில் தொங்குவதுபோல ஒன்று வெளியே வந்தது. தலையும் வால் நுனியும் மட்டும் பழைய துரை.

"அக்கா, ஒங்கட துரைக்கு உத்தியோகம் போயிட்டு," என்றார் ராத்தா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதேன்.

அன்றிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த சாப்பாட்டை எடுத்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அவசரப்பட்டால் புரையேறும். ஒவ்வொரு தடவையும் பாதி அவருக்குள், பாதி என் சேலையில். ஹந்தானையில் அந்த மாதம் பனியும் மழையும். முடி இல்லாத உடம்பு நடுங்கியது. என் பழைய சுவெட்டரின் கையை வெட்டி, நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். கடும் சிவப்பு. போட்டதும் அப்படியே சரிந்து படுத்தார், செத்துவிட்டாரோ என்று பயந்தேன். இல்லை, அவமானம்.

மருமகள் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தாள். எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை தடவை போனான் என்று மட்டும் கேட்பாள். நான் போனதை வந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்வேன். பேத்தியைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலாம் நாள் காலையில் நான் கண் துடைக்கப் போனபோது துரை கதிரையில் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சிவப்புச் சுவெட்டரோடு உட்கார்ந்து, நான் வெட்கப்படும் வரைக்கும் காத்திருந்தார்.

அவர்கள் வந்த அன்று நான் வாசலுக்கே போகவில்லை. குசினியில், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் பிள்ளையை மகனிடம் கொடுத்துவிட்டு, நேராக துரையைத் தூக்கினாள். சுவெட்டரைக் கழற்றினாள். கண்ணைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தாள். எல்லாம் சுத்தம். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

"முதல் மூண்டு நாளும் ஏன் மாமி சொல்லேல்லை?"

"நீ புள்ளைய எங்கிட்ட விட மாட்டேன்னு பயந்துட்டேன்."

"பிறகு ஏன் சொன்னனீங்கள்?"

"சாப்புடலையே புள்ள."

அவள் சுவெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் புள்ள வளர்த்தவ இல்ல," என்றேன். அதையும் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. "என் மாமியார்தான் வளர்த்தாங்க. எனக்கு தெரிஞ்சது தீபாவளி எண்ணெ மட்டும்தான். அதையும் பூனைக்கு வச்சிட்டேன்."

"அது எனக்குத் தெரியும் மாமி. உங்கட மகன் கலியாணத்துக்கு முதலே சொன்னவர்."

இரண்டு வருசமாக அவளுக்கு முன்னால் அளந்த அளப்பு முழுவதும் என் கண்ணுக்குள் ஓடியது. ஃப்ரிட்ஜுக்குள் இடம் இருந்திருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

தைப்பொங்கல் முடிந்து அவள் வேலைக்குப் போனாள். முடிவு இதுதான்: கிழமையில் மூன்று நாள் பேத்தி என்னிடம், இரண்டு நாள் யானையும் முயலும் வரைந்த இடத்தில். முழுச் சம்பளம் கிடைக்கவில்லை, தோட்டத்தில் அரை நாள் கூலிக்குப் போடுகிற மாதிரி அரைப் பேர் போட்டிருக்கிறார்கள் என்று ராத்தாவிடம் சொன்னேன். பேத்தி வருகிற நாளில் துரையும் கூட வருகிறார். முடி இப்போது ஒரு அங்குலம் வளர்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ் மாதிரி நிற்கிறது. பேத்தி அதைப் பிடித்து இழுக்கிறாள். என்னைக் கடித்தவர் அவளை மட்டும் கடிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிறார்.

பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதென்றால் கேட்டுவிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். கேட்கிறேன். சரி என்று சொன்னால் மூன்று சொட்டுத்தான், அதற்கு மேல் கை போகாது.

ஃப்ரிட்ஜில் இப்போது புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் பிள்ளைக்கு, பின்பக்கம் பூனைக்கு. இந்த முறை நான் ஒரு வரியும் விடவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க இரண்டு நாள் எடுத்தது, ஒரு பானைச் சோறு அடிப்பிடித்தது. கடைசி வரி: பிள்ளைக்கும் பூனைக்கும் ஒரே துவாயைப் பாவிக்க வேண்டாம்.

நான் அப்படிச் செய்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராத்தாவாகத்தான் இருக்கும்.